1978-ன் டிஸ்கோ பாட்டும் கொல்லிப்பாவையும்: ஒருதலைக் காதல் பாடல்கள் ஏன் அலுப்பதே இல்லை?

சனிக்கிழமை காலை. நாமக்கல் மாவட்டம், காரவள்ளி அடிவாரம். நான்கு நண்பர்கள், ஒரு வாடகை கார், கொல்லிமலை உச்சிக்குப் போக 70 கொண்டை ஊசி வளைவுகள். முன்சீட்டில் இருப்பவர் போனை ப்ளூடூத்தில் இணைத்து ஒரு பழைய ஆங்கில டிஸ்கோ பாட்டைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் தோளை ஆட்டிக்கொண்டு கூடவே பாடுகிறார்கள். நான்காவது ஆள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். பாடவில்லை. ஆனால் கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டே வருகிறது.

அந்த நான்காவது ஆளுக்குத் தமிழ்நாட்டில் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது: 'இதயம் முரளி'. 1991-ல் வந்த 'இதயம்' படத்தில் காதலை வாய்விட்டுச் சொல்ல முடியாமலேயே தவித்த ஹீரோவாக முரளி நடித்தார். அந்தப் படம் வந்தபோது பிறந்தே இருக்காதவர்கள்கூட இன்று நண்பனைக் கலாய்க்க அந்தப் பெயரைத்தான் எடுக்கிறார்கள்.

காரில் ஓடும் பாட்டு, இவோன் எலிமன் பாடிய 'இஃப் ஐ கான்ட் ஹேவ் யூ'. 'உன்னை அடைய முடியாவிட்டால்...' என்பது தலைப்பின் பொருள். 1978 மே மாதம் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. டிஸ்கோ அலை ஓய்ந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இந்தப் பாட்டு மட்டும் ஓயவில்லை. ஏன்?

பதிலைத் தேட நியூயார்க் வரைக்கும் போக வேண்டியதில்லை. அந்த கார் ஏறிக்கொண்டிருக்கும் மலையிலேயே பாதி பதில் இருக்கிறது. ஆனால் முதலில் பாட்டின் கதை.

பாட்டு பிறந்த கதை

1977 இறுதியில் வெளியான 'சாட்டர்டே நைட் ஃபீவர்' ஜான் ட்ரவோல்டாவை நட்சத்திரமாக்கிய படம். அதன் இசை ஆல்பம் 1978-ல் தொடர்ந்து 24 வாரங்கள் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் வாங்கியது. அந்த ஆல்பத்திலிருந்து நான்கு பாட்டுகள் முதலிடம் பிடித்தன. நான்கையும் எழுதியது பீ ஜீஸ் சகோதரர்கள். மூன்றை அவர்களே பாடினார்கள். நான்காவதுதான் எலிமனின் பாட்டு. பீ ஜீஸ் இதே பாட்டைத் தாங்களும் பாடிப் பதிவு செய்து, 'ஸ்டேயிங் அலைவ்' இசைத்தட்டின் மறுபக்கத்தில் வைத்தார்கள். உலகம் எடுத்துக்கொண்டது எலிமனின் குரலைத்தான்.

எலிமன் ஹவாயில் பிறந்தவர். அதற்கு முன்பே 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' ராக் ஓபராவில் மக்தலேனா மரியாளாகப் பாடிப் புகழ் பெற்றிருந்தார். அங்கே அவர் பாடியதும், இந்த மனிதரை எப்படி நேசிப்பது என்று தெரியாமல் தவிக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. ஆக, கிடைக்காத காதலைப் பாடுவது அவருக்குப் புதுசு இல்லை.

பாட்டின் சாரம் ரொம்ப சிம்பிள். எனக்கு வாய்ப்பே இல்லை என்று தெரிகிறது. கண்ட கனவு பலிக்காது என்றும் தெரிகிறது. ஆனாலும் விட முடியவில்லை. நீ இல்லையென்றால் எனக்கு வேறு யாரும் வேண்டாம். அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாட்டு முழுக்க 'நீ', 'நான்' மட்டும்தான். அவன், அவள் கிடையாது. ஆண்கள் எழுதி, ஆண்களும் பாடி, பெண்ணும் பாடிய பாட்டில் ஒரு சொல்லைக்கூடப் பாலுக்காக மாற்ற வேண்டி வரவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் டிஸ்கோ வளர்ந்ததே நியூயார்க்கில் கறுப்பினத்தவரும், லத்தீன் அமெரிக்கரும், தன்பாலின ஈர்ப்புள்ளவர்களும் கூடிய நடனக் கூடங்களில்தான். தன் காதலைப் பகலில் வெளியே சொல்ல முடியாதவர்கள் இரவில் ஆடி ஆற்றிக்கொண்ட இடம் அது. யார் பாடினாலும் யாரைப் பற்றியும் பாடலாம் என்கிற அந்த 'நீ', அவர்களுக்குக் கிடைத்த ஒரு மறைப்பு. தமிழின் 'நீ'யும் அப்படித்தான். யார் பெயரையும் போட்டுக் கொடுக்காது.

அழுகைக்கு எதுக்கு ஆட்டம்?

இந்தப் பாட்டின் வார்த்தைகளை மட்டும் எழுதிக் கொடுத்தால், யாராவது ஒருவர் அதற்கு மெதுவான, கண்ணீர் வடியும் மெட்டைத்தான் போடுவார். டிஸ்கோ போட்டது வேறு கணக்கு. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பெரிய டிரம்மில் ஒரு அடி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எங்கும் தடுமாற்றம் இல்லை. அடிகளுக்கு நடுவே தாளத்தட்டின் 'ட்ஸ்' சத்தம். பாடுபவரின் மனசு எவ்வளவு ஆடினாலும் கீழே ஓடும் தாளம் ஆடாது.

டிஸ்கோ தாளம் பிறந்ததே இப்படி ஒரு சோகத்திலிருந்துதான். 1973-ல் ஹெரால்ட் மெல்வின் அண்ட் தி ப்ளூ நோட்ஸ் குழு வெளியிட்ட 'தி லவ் ஐ லாஸ்ட்' பாட்டை முதல் டிஸ்கோ பாட்டுகளில் ஒன்றாகப் பலரும் சொல்வார்கள். இழந்த காதலைப் பற்றிய பாட்டு அது. முதலில் மெதுவான பாட்டாகத்தான் யோசித்தார்கள். பிறகு வேகம் கூட்டப்பட, டிரம்மர் எர்ல் யங் வாசித்த வாசிப்பு ஒரு புது இசை வகைக்கே அடித்தளம் ஆனது.

இதைக் கேட்டு தமிழர்கள் ஆச்சரியப்படத் தேவையில்லை. துக்கத்துக்கு ஆடுவது நமக்குப் பழகிய விஷயம். இழவு வீட்டில் பறை அதிர அதிர ஆடுபவரின் கண்ணைப் பார்த்தால் தண்ணீர் நிற்கும். வடசென்னையின் மரண கானாவில் செத்தவரைப் பற்றிய ஏக்கமும் தாளமும் ஒன்றாக வரும். ஆட்டம் என்றால் சந்தோஷம், அழுகை என்றால் சோகம் என்று பிரித்து வைத்தது சினிமாதான்.

1980-ல் வந்து தமிழ்நாட்டுக் கல்லூரிகளையே ஆட்டிப்படைத்த 'ஒருதலை ராகம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டி. ராஜேந்தர் எழுதி இசையமைத்த அதன் சோகப் பாட்டுகள் இன்றைக்கும் ஓடுகின்றன. ஆனால் கதையில் ஹீரோவுக்குக் கிடைத்தது மரணம்தான். சொல்லாத காதலுக்கு, சேராத காதலுக்கு தமிழ் சினிமா எழுதிக் கொடுத்த முடிவு பெரும்பாலும் அதுதான்: ஒன்று சாவு, இல்லை தாடி. டிஸ்கோ மூன்றாவதாக ஒன்றைச் சொன்னது. வலி போகாது, ஆனால் இந்த ராத்திரி ஆடி முடித்தால் வீடு போய்ச் சேரலாம்.

கொல்லிமலையில் ஒரு 'நான்காவது ஆள்'

இப்போது காருக்குத் திரும்புவோம். வளைவுகள் முடியும் மலை, சங்க இலக்கியத்தில் வல்வில் ஓரி ஆண்ட மலை. செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசு விழா எடுக்கிறது. ஆனால் சங்கப் புலவர்களை இந்த மலை பக்கம் திரும்பத் திரும்ப இழுத்தது ஓரி மட்டும் இல்லை, கொல்லிப்பாவையும்தான். தெய்வமோ பூதமோ வடித்ததாகச் சொல்லப்பட்ட பேரழகுப் பெண் உருவம். மலைமக்கள் இன்று வணங்கும் எட்டுக்கை அம்மனே அந்தப் பாவை என்பது உள்ளூர் நம்பிக்கை.

நற்றிணையின் 201-வது பாட்டு பரணர் பாடியது. அதில் காதலில் விழுந்த ஒருவனை அவனுடைய நண்பன் உட்கார வைத்துப் புத்தி சொல்கிறான். அவள் கிடைப்பது கஷ்டம். காவல் பலமாக இருக்கிறது. நீ பேசினால் பதில்கூடச் சொல்லமாட்டாள். அவளை நினைப்பதை விட்டுவிடு. இன்றைய பாஷையில் சொன்னால், "ப்ரோ, உனக்கு செட் ஆகாது, மூவ் ஆன் பண்ணு."

அதற்குக் காதலன் சொல்லும் பதில்தான் பாட்டின் உயிர். பலா மரங்கள் நிறைந்த, வெள்ளருவி விழும் கொல்லிமலையின் மேற்குச் சரிவில் அந்தப் பாவை இருக்கிறது. காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் அழகு குலைவதில்லை. அந்தப் பாவை மாதிரிதான் அவளும். என் நெஞ்சைவிட்டுப் போகமாட்டேன் என்கிறாள்.

எலிமன் பாட்டுக்கும் இதுக்கும் நடுவே கிட்டத்தட்ட 2,000 ஆண்டுகள். ஆனால் இரண்டு பேர் நிற்கும் இடமும் ஒன்று. வாய்ப்பில்லை என்று தெரியும். விட முடியவில்லை. அதை ஒப்புக்கொள்கிறார்கள். முக்கியமாக, இருவரும் பேசுவது தன் நெஞ்சைப் பற்றி மட்டும். பரணரின் காதலன், 'அவள் என் நெஞ்சில் இருக்கிறாள்' என்கிறானே தவிர, 'அவள் வீட்டு வாசலில் போய் நிற்பேன்' என்று அந்தப் பாட்டில் சொல்லவில்லை.

தமிழ் இலக்கணத்தில் ஒருதலைக் காதலுக்கென்றே ஒரு பெயர் உண்டு: கைக்கிளை. பதில் பேச்சு கிடைக்காத ஒருவன், தானே சொல்லிச் சொல்லி அதிலேயே இன்பம் காண்பதை அதன் அடையாளமாகச் சொல்கிறது தொல்காப்பியம். ஒரு பாட்டு என்றால் என்ன என்பதற்கும் இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது கஷ்டம்.

அதற்காகப் பழைய இலக்கியம் எல்லாமே சொக்கத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. கைக்கிளையைக் காதல் அறியாத சிறு வயதுப் பெண்ணோடு சேர்த்துப் பேசுகிறது அதே இலக்கணம். அது இன்றைக்கு ஏற்கவே முடியாதது. பெண் கிடைக்காவிட்டால் பனைமடலில் குதிரை செய்து ஊர்த் தெருவில் ஏறி வருவேன் என்று மிரட்டும் 'மடலேறுதல்' மரபும் அங்கே உண்டு. ஊரைக் கூட்டி ஒரு பெண்ணை நெருக்கடியில் தள்ளுவது அன்றைக்கும் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆக, ஒருதலைக் காதலுக்கு அப்போதே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நெஞ்சுக்குள் போனது. இன்னொன்று அவள் தெருவுக்குப் போனது.

'எனக்கு வேண்டாம்', 'யாருக்கும் கூடாது'

இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

'நீ கிடைக்காவிட்டால் எனக்கு யாரும் வேண்டாம்.'

'எனக்குக் கிடைக்காத நீ யாருக்கும் கிடைக்கக் கூடாது.'

காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி கேட்கும். முதல் வாக்கியம் தன் வாழ்க்கையைப் பற்றியது. இரண்டாவது அடுத்தவர் வாழ்க்கையைப் பற்றியது. முதலாவது பாட்டாகும். இரண்டாவது எஃப்ஐஆர் ஆகும்.

இது மிகைப்படுத்தல் இல்லை. தமிழ் செய்திகளில் 'ஒருதலைக் காதல்' என்ற சொல் இப்போது இலக்கியப் பக்கத்தில் வருவதைவிட க்ரைம் பக்கத்தில் வருவதுதான் அதிகம். 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி, ஓடும் ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். விலகிப்போன பெண்ணை விட மறுத்த ஒருவர்தான் குற்றவாளி. 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வது, போனிலோ இணையத்திலோ கண்காணிப்பது 2013 முதல் இந்தியாவில் தனிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. முதல் முறை 3 ஆண்டுகள் வரை சிறை. திரும்பச் செய்தால் 5 ஆண்டுகள் வரை. சட்டம் கேட்பது காதல் உண்மையா பொய்யா என்று இல்லை. அவர் 'வேண்டாம்' என்றாரா என்றுதான்.

பாட்டு கொலை செய்யுமா?

செய்யாது. ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு யாரும் கத்தியை எடுப்பதில்லை. ஆனால் எது இயல்பு, எது வீரம் என்று பாட்டும் படமும் மெல்ல மெல்லப் பழக்குகின்றன. 2015-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இரண்டு பெண்களைப் பின்தொடர்ந்த வழக்கில் ஒரு இந்தியர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். விடாமல் துரத்தினால் பெண் மனம் மாறுவாள் என்று பாலிவுட் படங்கள் பார்த்து நம்பிவிட்டார் என்பது அவருடைய வழக்கறிஞரின் வாதம். அவர் சிறைக்குப் போகாமல் தப்பினார். ஒரு நீதிமன்றத்திலேயே எடுத்து வைக்கும் அளவுக்கு நம் சினிமாவின் துரத்தல் காதல் பிரபலம்.

தமிழில் 2011-ல் தனுஷ், அனிருத் கூட்டணியின் 'ஒய் திஸ் கொலவெறி' வந்தபோது, காதலில் தோற்றவர் பாடும் 'சூப் சாங்' என்று ஒரு வகையே உருவானது. தோல்வியைத் தாளத்தோடு பாடி, தன்னைத் தானே கிண்டலடித்துக்கொள்வது வரைக்கும் அது டிஸ்கோவின் தூரத்துச் சொந்தம்தான். பிரச்சினை அதற்கு அடுத்த அடியில் வருகிறது. அதே 2011-ன் 'மயக்கம் என்ன' படத்தில் 'காதல் என் காதல்' பாட்டில், விட்டுப்போன பெண்ணை அடிக்கச் சொல்லும் வார்த்தைகள் உண்டு. தியேட்டரில் விசில் பறந்ததும் அதற்குத்தான்.

கொல்லிப்பாவைக்கும் இப்படி இரண்டு முகம் உண்டு. பின்னாளில் வழங்கிய கதைகளில் அவள் சிரித்து மயக்கி, நெருங்குபவரைக் கொல்பவள். 'மயக்கிட்டா, ஏமாத்திட்டா' என்று பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பாட்டுகள் எல்லாம் இந்தக் கதையின் வாரிசுகள். பரணரின் பாவை யாரையும் கொல்லவில்லை. அவள் தன் இடத்தில் இருக்கிறாள். தவிப்பு முழுக்க நினைப்பவனுடையது.

எலிமன் பாட்டிலும் திட்டு கிடையாது, பழி கிடையாது. 'நீ என்னை ஏமாற்றிவிட்டாய்' என்ற புகாரே இல்லை. பாட்டு யாரைப் பற்றியதோ அவர் இதைக் கேட்டால் பயப்பட மாட்டார். கொஞ்சம் வருத்தப்படலாம், அவ்வளவுதான். ஒருதலைக் காதல் பாட்டு நல்லதா கெட்டதா என்று பார்க்க இதைவிட எளிய டெஸ்ட் இல்லை: அந்த 'நீ' இந்தப் பாட்டைக் கேட்டால் பயப்படுவாரா?

இந்தப் பாட்டு அலுக்காததற்குக் காரணமும் இதுதான். பழி சொல்லும் பாட்டு, கோபம் இருக்கும் வரைக்கும்தான் ஓடும். கோபம் தணிந்த பிறகு கேட்டால் நமக்கே கூச்சமாக இருக்கும். தன் தவிப்பை மட்டும் சொல்லும் பாட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இருபது வயதில் கேட்டாலும், கல்யாணமாகி நாற்பது வயதில் கேட்டாலும், யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த பாட்டையும் கேளுங்க

'வேறு யாரும் வேண்டாம்' என்பது வாழ்க்கைக்கான அட்வைஸா? கண்டிப்பாக இல்லை. ஒரு ராத்திரிக்கு அது உண்மை. ஐந்து வருடத்துக்கு அதையே பிடித்துக்கொண்டிருந்தால் அது நோய். இங்கேதான் டிஸ்கோ வரலாற்றின் ஒரு அழகான தற்செயல் வருகிறது. எலிமன் பாட்டைத் தயாரித்தவர் ஃப்ரெடி பெரன். அதே 1978-ல் அவர் டினோ ஃபெகாரிஸுடன் சேர்ந்து எழுதித் தயாரித்த இன்னொரு பாட்டு, குளோரியா கேய்னரின் 'ஐ வில் சர்வைவ்'. நீ இல்லாமலும் நான் வாழ்வேன் என்ற அந்தப் பாட்டும் 1979-ல் முதலிடம் பிடித்தது.

ஒரே ஆள், ஒரே தாளம், ஓராண்டுக்குள் இரண்டு பாட்டு. முதலாவது, நீ இல்லாமல் முடியாது என்கிறது. இரண்டாவது, நீ இல்லாமலும் முடியும் என்கிறது. ஒன்றை மட்டும் கேட்டால் பாதிதான் கேட்டதாக அர்த்தம். முதல் பாட்டில் அழாமல் நேரே இரண்டாவதுக்குத் தாவினால் அது நடிப்பு. முதல் பாட்டிலேயே தங்கிவிட்டால் தேக்கம்.

1979 ஜூலை 12-ல் சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ செத்தது என்று எழுதினார்கள். 1993-ல் கிம் வைல்ட் எலிமனின் இந்தப் பாட்டைத் திரும்பப் பாட, அது பிரிட்டனில் மறுபடி ஹிட் ஆனது. 2010-ல் ஸ்வீடனின் ராபின், தான் விரும்புபவர் வேறொருவரோடு இருப்பதைப் பார்த்துக்கொண்டே தனியாக ஆடும் 'டான்சிங் ஆன் மை ஓன்' பாட்டோடு வந்தார். இசைத்தட்டை உடைக்க முடிந்தது. தாளத்தையும் தவிப்பையும் பிரிக்க முடியவில்லை. காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் குலையாத பாவையைப் பற்றிப் பரணர் சொன்னது இந்தப் பாட்டுக்கும் பொருந்தும்.

70-வது வளைவு தாண்டியதும் காற்று குளிர்கிறது. முன்சீட்டு நண்பர் பாட்டை மாற்றப் போனில் கை வைக்கிறார். பின்சீட்டு நான்காவது ஆள் முதல் முறையாக வாய் திறக்கிறார்: "மச்சி, அதையே இன்னொரு தடவ போடு."

போடலாம். தப்பே இல்லை. அவர் கையில் இருக்கும் போனில் அவளுக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் நாற்பத்தோராவது மெசேஜ் அனுப்பப்படாமலே இருக்கும் வரைக்கும், அந்தப் பாட்டு அவருடையதுதான்.